தசரதனின் காது

நூம்பலில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் விடுவார்கள். விடியற்காலையில் எழுந்து, வாசல் குழாயில் ரப்பர் ஓஸை மாட்டி, பின்பக்கத்து டிரம்மையும் குடங்களையும் நிரப்பி வைப்பது அனுசுயாவின் வேலை.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அது அவள் புருஷன் தசரதனின் வேலை. தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயிலிருந்து காற்று வரும். உஸ்ஸென்று மெல்லிய ஒரு சீறல். உள்ளறையில் ஃபேனுக்குக் கீழே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாலும் தசரதன் அந்தச் சீறலுக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார். தெருவில் மற்ற வீடுகளில் அலாரம் வைத்துக்கொண்டார்கள். இந்த வீட்டில் தசரதனின் காது இருந்தது.

ஒருநாள் அவர் எழுந்திருக்கவில்லை. களைத்துப்போயிருக்கிறார் என்று அனுசுயா நினைத்தாள். அடுத்த முறையும் எழுந்திருக்கவில்லை. அவளே போய் ஓஸை மாட்டினாள். அதற்கடுத்த முறை, அவர் தூங்குவதைக் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுக் குடத்தை எடுத்தாள். யாரும் எதுவும் பேசிக்கொள்ளாமலே வேலை கைமாறிவிட்டது.

எதிர்வீட்டுக்காரிக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "இன்னா அனுசுயா, உங்க ஊட்டுக்காரரு ரிட்டேர் ஆயிட்டாரா? நீ கொடத்தத் தூக்கிகினு நிக்கிற?"

"அவருக்கு வேல ஜாஸ்தி. தூங்கட்டும்னு உட்டுட்டேன்."

அந்த வாரம் தசரதனுக்கு வேலையே இல்லை. வீட்டில்தான் இருந்தார். அவருக்காக அவள் சொன்ன முதல் பொய் அதுதான். பொய் என்றுகூட அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருக்கும், அவர் பக்கத்திலேயே நின்று முகம் துடைத்துக்கொண்டிருப்பார். செல்போன் சட்டைப் பையில் அடித்து ஓயும். டிவியின் சத்தம் தெருமுனை வரைக்கும் போகும். மகள் பவித்ரா காலேஜிலிருந்து வந்ததும் முதல் வேலையாக ரிமோட்டைத் தேடுவாள். "அப்பாவுக்கு நம்ம பேச்சுன்னா காதுலயே ஏறாதும்மா" என்பாள். அனுசுயாவும் திட்டுவாள்: "காதுல இன்னா பஞ்சு வெச்சிகினு கீறீங்களா?" ஒரு கட்டத்தில் திட்டுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியபோதுதான், தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கே புரிந்தது.

தெரிந்துகொண்டு என்ன செய்வது? தசரதன் சாப்பிடுவதே காதால்தான்.

நெடுஞ்சாலை ஓரமாக மண்ணுக்குள் போகிற பெரிய தண்ணீர் லைன் அவர்கள் குடும்பத்தின் நிலத்தின் வழியாகத்தான் போகிறது. தசரதன் மீசை முளைத்த வயதில் அந்த லைனைப் போட்டார்கள். நிலம் போனது போக, மிச்சத்தைப் பங்காளிகள் பிளாட் போட்டு விற்றார்கள். தசரதன் குழாய் இறக்குகிற கூலியாளாகப் போய்ச் சேர்ந்தார். எல்லாம் கான்கிரீட் குழாய்கள். ஓர் ஆள் குனிந்தபடி உள்ளே நடக்கலாம். கான்கிரீட்டைச் சுற்றி முறுக்கிக் கட்டிய கம்பி, கம்பிக்கு மேலே சிமெண்டுப் பூச்சு. போட்டவர்கள் போய்விட்டார்கள். லைன் மட்டும் மண்ணுக்குள்ளேயே கிடந்து வயதாகிக்கொண்டிருந்தது. தசரதன் அந்த லைனை விட்டுப் போகவில்லை. காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், அவர் மாறவில்லை.

வயதான குழாயில் ஒரு தொல்லை உண்டு. கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். வெளியே கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கும், உள்ளே கான்கிரீட் அடுக்கு விட்டுப் பிரிந்திருக்கும், மேலே ஒரு கீறல்கூடத் தெரியாது. இப்போதெல்லாம் சக்கரம் வைத்த கேமராவை உள்ளே ஓட விடுகிறார்கள். அதுவும் மேலே தெரிவதைத்தான் காட்டும். அதனால் லைனை மூடித் தண்ணீரை வடித்துவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கிச் சுத்தியால் தட்டிக்கொண்டே போவார்கள். நல்ல குழாய் கணீரென்று பேசும். பிரிந்த குழாய் பொத்தென்று இருக்கும். நல்லதற்குப் பச்சை பெயின்ட், கெட்டதற்குச் சிவப்பு. சிவப்பு போட்ட இடத்தில் பின்னால் வருகிறவர்கள் செதுக்கிப் பூசுவார்கள், இரும்புப் பட்டை போடுவார்கள், ரொம்ப மோசமென்றால் குழாயையே எடுத்துவிடுவார்கள்.

தசரதன் தட்டுகிற ஆள். கூலியாக வந்தவர் அப்படித்தான் மேஸ்திரி ஆனார். வீட்டிலும் தட்டுவார். தேங்காய், தர்பூசணி, புதுப்பானை, யார் வீட்டுக்குப் போனாலும் சுவர். நசரத்பேட்டையில் அனுசுயாவைப் பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளை விரல் முட்டியால் சுவரைத் தட்டிவிட்டு, "உள்ள ஊதிகினு கீது, பூச்சு கழண்டு வரும்" என்றார். அனுசுயாவின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அந்தப் பூச்சு அதற்கப்புறம் பதினைந்து வருஷம் நின்றது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமனார் மருமகனுக்கு அந்தச் சுவரோரம்தான் நாற்காலி போட்டார்.

காதைப் பறித்துக்கொண்டதும் அதே லைன்தான். தட்டாத நாட்களில் தசரதன் உள்ளே மிஷின் பிடித்துக் கான்கிரீட்டைச் செதுக்கினார். மூடிய குழாய்க்குள் மிஷின் ஓடினால் சத்தம் போக வழியில்லாமல் திரும்பித் திரும்பி ஆளையே அடிக்கும். காதுக்கு மூடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டால் பின்னால் இருக்கிறவன் கூப்பிடுவது கேட்காது என்று யாரும் போட்டதில்லை.

சென்னீர்குப்பத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் காது பரிசோதனை முகாம் நடந்தபோது அனுசுயாதான் அவரை இழுத்துக்கொண்டு போனாள். ஹெட்போனைத் தலையில் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்துங்கள் என்றார்கள். தசரதன் எதிரே மிஷினைத் திருகிக்கொண்டிருந்த பெண்ணின் கையைப் பார்த்து அழுத்தினார். அவள் சிரித்துக்கொண்டே அவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். அப்புறம் அவர் விரல் நெடுநேரம் சும்மா இருந்தது.

டாக்டர் அனுசுயாவிடம்தான் பேசினார். "பேச்சு ஓரளவு கேக்குது. கணீர்னு வர்ற சத்தமெல்லாம் போயிடுச்சும்மா. ரெண்டு காதுலயும். இது திரும்பாது. மிஷின் மாட்டிக்கலாம்."

கணீரென்று வருகிற சத்தம். அந்த வார்த்தை அவளை எப்படிக் குத்தியது என்று அந்த டாக்டருக்குத் தெரிய நியாயமில்லை.

பஸ்ஸில் வரும்போது தசரதன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார். "வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

"வேற வேல எதுனா கேளுங்களேன். சூப்பர்வைசரு வீராசாமி உங்களுக்கு இல்லன்னா சொல்லுவாரு?"

"வாட்ச்மேன் வேல குடுப்பான். ஸ்டூலு போட்டு குந்த வெப்பான். பவித்ரா படிப்பு முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்." அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "உன் தம்பிகிட்டகூட சொல்லாத" என்றார். "இன்னா, சரியா?"

"சரி" என்றாள். அவ்வளவுதான். சத்தியம் கித்தியம் ஒன்றும் இல்லை. காதுக்கு வாங்கிய மிஷின் குழாய்க்குள் போனதும் கீச்சிட்டுக் கத்தியது என்று அதை மாத்திரை டப்பாவோடு சேர்த்து பீரோவில் வைத்துவிட்டார்.

தம்பி என்றது உத்தமனை. அனுசுயாவுக்கு ரொம்ப இளையவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த கம்பெனி மூடிய பிறகு ஆட்டோ ஓட்டினான், அது சரிப்படவில்லை. கையில் குழந்தையோடு அவன் மனைவி தேவிப்பிரியா வந்து உட்கார்ந்துகொண்டு, "அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லி இவரையும் எதுலயாச்சும் சேத்துவுடுங்களேன்" என்று கேட்டாள். அனுசுயா சொன்னாள்.

"ஏன், உன் தம்பி வெயில்ல நல்லா கீறது புடிக்கலயா? பைப்புக்குள்ள தள்ளணுமா?" என்றார் தசரதன். ஆனால் மறுநாளே கூட்டிக்கொண்டு போனார்.

உத்தமன் வேலைக்குச் சிரிப்பைக் கொண்டுபோனான். பைப்புக்குள் முதன்முதலாக இறங்கிய அன்று சாயங்காலம் வந்து, "அக்கா, உங்க ஊட்டுக்காரரு உள்ள நுழைஞ்சா ராஜா மாதிரி நடக்கறாருக்கா. என்னா, கூன் உழுந்த ராஜா" என்றான். தசரதனும் சிரித்தார். அப்போது அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. இருவரும் ஜோடியாகிவிட்டார்கள். தட்டுவது உத்தமன், சொல்வது தசரதன், பெயின்ட் அடிப்பது உத்தமன்.

இந்த வருஷம் லைன் முழுவதையும் தட்டிப் பார்த்து ரிப்பேர் செய்ய வேண்டும் என்று ஆர்டர் வந்தது. ஒவ்வொரு பகுதியாக மூடித் திறந்தார்கள். மேற்பார்வைக்குக் குடிநீர் வாரியத்திலிருந்து சரண் என்று ஓர் இளம் இன்ஜினியர். அவன் வந்த அன்றே ஒரு வழிமுறை சொன்னான். இரண்டு பேரும் தனித்தனியாகத் தட்ட வேண்டும், ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்காமல் தனித்தனியாக வந்து சொல்ல வேண்டும், இரண்டும் ஒத்துவந்தால்தான் பெயின்ட். நல்ல முறைதான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் மேலே ஏறிப் போனதும் பழையபடியே செய்தார்கள்.

இதெல்லாம் அனுசுயாவுக்கு எப்படித் தெரியும் என்றால், உத்தமனே சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கருவாட்டுக் குழம்பு. தசரதன் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். உத்தமன் அடுப்படியிலேயே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"அந்த சரண் தம்பி, தனித்தனியா சொல்லுன்னுது. எப்டிக்கா சொல்றது? மாமா பச்சைன்னு சொல்லி நான் செவப்புன்னு சொன்னா, அப்பால இந்த ஊட்டுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு சோறு துன்ன வருவேன்?"

"அப்ப எப்டித்தான் பண்றீங்க?"

"இப்பலாம் மாமா வாயே தொறக்கறதில்லக்கா. நான் தட்டுவேன். அவரு என் மூஞ்சியவே உத்துப் பாத்துகினு இருப்பாரு. நான் அவரு மூஞ்சியப் பாப்பேன். ரெண்டு பேரும் மூஞ்சிய சுளிக்கலன்னா பச்சை. சும்மா, கல்யாணம் ஆன புதுசுல தேவி என்னப் பாத்த மாதிரி பாக்கறாருக்கா, எனுக்கே வெக்கமா கீது!"

அவன் சிரித்தான். அவன் தட்டில் குழம்பு ஊற்றப் போன அனுசுயாவின் கை அப்படியே நின்றது. இவன் முகத்தை அவர் எதற்குப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அந்த முகாமில் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தது போல. ஆனால் இவன் எதற்கு அவர் முகத்தைப் பார்க்கிறான்? அக்கா புருஷன் சொல்லட்டும் என்று பார்க்கிறான். அவர் இவனிடமிருந்து தெரிந்துகொள்ளப் பார்க்கிறார், இவன் அவரிடமிருந்து தெரிந்துகொள்ளப் பார்க்கிறான். நடுவில் குழாய் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

"உனுக்குத்தான் காது கீதில்ல? பொத்துனு இருந்தா நீயே சொல்லக் கூடாதாடா?"

"மாமா கம்முனு இருக்கசொல்ல நானா? நல்லா சொன்ன போ." ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "மெய்யாலுமே ஒரு எடத்துல எனுக்கு டவுட்டா இருந்திச்சிக்கா. நசரத்பேட்ட தாண்டி, ஏர் வால்வு குழி ஒண்ணு கீது பாரு, அதுகிட்ட. தட்டுனேன். பொத்துனு இருந்தாப்ல இருந்திச்சி. மாமா மூஞ்சியப் பாத்தேன். அவரு சும்மா நின்னாரு. சரி, நம்ம காதுதான் சரியில்லன்னு பச்சை போட்டுட்டேன்."

"எப்ப தண்ணி உடறாங்க?"

"பொதன்கெழம. குழம்ப ஊத்துக்கா, கையிலயே வெச்சிகினு கீற."

ஊற்றினாள். அவன் சாப்பிட்டு முடித்து, மாமாவுக்கு வண்டி கழுவ ஒரு கை கொடுத்துவிட்டு, குழந்தைக்கென்று ஒரு டப்பாவில் குழம்பு வாங்கிக்கொண்டு போனான். இவ்வளவு நேரமும் சொல்லியிருக்கலாம். உத்தமா, உங்க மாமாவுக்குக் கணீர்னு வர்ற சத்தம் கேக்காதுடா, நீ போய் அந்த சரண்கிட்டச் சொல்லி மறுபடியும் தட்டிப் பாரு. இவ்வளவுதான் வார்த்தை. அவள் டப்பாவின் மூடியை இறுக்கி, குழம்பு வழியாமல் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொடுத்தாள்.

தசரதனிடம் சொன்னாள். அதையும் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் அவர் எதிரே வந்து உட்கார்ந்து, வாய் தெரிகிற மாதிரி சொன்னாள்: "நசரத்பேட்டகிட்ட, ஏர் வால்வு பக்கத்துல ஒரு பைப்பு. உத்தமனுக்கு டவுட்டாம். தண்ணி உடறதுக்குள்ள இன்னொரு தபா தட்டிப் பாருங்க."

"டவுட்டுன்னா என்கிட்ட சொல்லிருப்பான்."

"உங்ககிட்ட அவன் சொல்ல மாட்டான். உங்களுக்குக் கேட்டிச்சா அது?"

தசரதன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவள் மேலே பேசியிருப்பாள். கோபம் இல்லை. மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்.

"மூடுன பைப்ப மறுபடி தொறக்கணும்னா வீராசாமிகிட்ட சொல்லணும். ஏன்னு கேப்பான். நான் இன்னான்னு சொல்றது?" என்றார். பிறகு, "டேங்க் காலியாயிருக்கும், மோட்டாரப் போடு" என்றார்.

அவள் எழுந்து போய் மோட்டாரைப் போட்டாள். பாதி சொல்லியாகிவிட்டது, மீதியை அவர் பார்த்துக்கொள்வார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திங்கட்கிழமை துணி துவைக்கும்போதும் அதையே சொல்லிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை உத்தமனுக்குப் போன் போட்டாள். தேவிப்பிரியாதான் எடுத்தாள். குழந்தைக்குக் குழம்பு காரம் என்று சொல்லிச் சிரித்தாள். அனுசுயாவும் சிரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

புதன்கிழமை தண்ணீர் விட்டார்கள். காலியான லைனில் தண்ணீர் ஏறும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியேற வேண்டும். அதற்குத்தான் ஏர் வால்வு. குழிக்குள் இறங்கி வால்வைப் பார்த்துக்கொள்ள உத்தமனை விட்டிருந்தார்கள். தசரதன் கொஞ்சம் தள்ளி ரோட்டோரம் நின்றிருந்தார்.

வெடித்தது அந்தக் குழாய்தான். அதே குழாய். தண்ணீர் மின்கம்ப உயரத்துக்கு எழும்பியதைப் பஸ்ஸில் போனவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். சாயங்காலம் எல்லா டிவியிலும் அது வந்தது. குழியின் சுவர் பெயர்ந்து உத்தமனின் காலின்மேல் விழுந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை. வீராசாமியும் இன்னும் சிலரும்தான் இழுத்து வெளியே போட்டார்கள். வெடிப்பதற்கு முன்னால் குழாய் முனகும், கூடவே நின்ற ஆட்களெல்லாம் அதைக் கேட்டு ஓடினார்கள், தசரதன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார், ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பயத்தில் உறைந்துவிட்டார் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

உத்தமனின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு வாரம் எங்கேயும் தண்ணீர் இல்லை. தெருவில் லாரிக்குக் குடம் போட்டுக்கொண்டு நின்ற பெண்கள், "ரிப்பேரு பண்றோம்னு காசத் துன்னுட்டு மூடிட்டுப் போயிட்டானுங்க, கட்டைல போறவனுங்க" என்று ஏசினார்கள். அனுசுயாவும் குடத்தோடு வரிசையில் நின்றாள். "உன் தம்பி எப்டி கீது?" என்று கேட்டவர்களுக்கு, "பரவால்ல" என்றாள். ஆஸ்பத்திரிக்குத் தினமும் சோறு கட்டிக்கொண்டு போனாள். உத்தமன் அவளோடு சரியாகத்தான் பேசினான். "இனிமே செருப்பு ஒண்ணு வாங்குனா போதும், இன்னொண்ண கடைக்காரன் யாருக்கு விப்பான்?" என்றுகூட ஒருநாள் சொன்னான். தேவிப்பிரியா சிரிக்கவில்லை. அனுசுயா சிரிக்க முயன்று தோற்றாள்.

விசாரணை என்று ஆரம்பித்ததும் வீராசாமி வீட்டுக்கு வந்தார். தசரதனுக்கு எதிரே உட்கார்ந்து, காபியை ஆற்றிக்கொண்டே, டம்ளருக்குள் பேசுகிற மாதிரிப் பேசினார்.

"பச்சை பெயின்ட் டப்பா யார் கையில இருந்திச்சி? உத்தமன் கையில. அவ்ளோதான் தசரதா. நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். கேட்டா, பெயின்ட் அடிச்சது அவன்னு சொல்லு. அவனோட அஜாக்கிரதைன்னு கம்பெனிக்காரன் எழுதிகினு போவான். நீ நான் எல்லாம் வேலைல இருப்போம். இருந்தாத்தான அவனுக்கும் எதுனா செய்ய முடியும்?"

தசரதன் தலையாட்டினார்.

கேட்டுத்தான் தலையாட்டினாரா, கேட்காமல் தலையாட்டினாரா? அனுசுயா கதவோரம் நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூடவே இருந்தும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்காமல் போன காதுக்குள் அவர் போய் உட்கார்ந்துகொண்டது போல இருந்தது. கேட்டிருக்காவிட்டால் அவள் அவர் எதிரே போய் உட்கார்ந்து, வாய் தெரிய, வீராசாமி சொன்னதை இன்னொருமுறை சொல்ல வேண்டும். அவள் சொல்லவில்லை. காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். விசாரணையில் தசரதன் என்ன சொன்னாரோ, கம்பெனி அப்படியே எழுதிக்கொண்டது. தப்பு உத்தமனுடையது என்று ஆயிற்று. தசரதன் திரும்பவும் வேலைக்குப் போனார், தட்டுவதற்கே. இப்போது ஜோடியாக வேறு ஓர் ஆள்.

தேவிப்பிரியா வந்தது ஒரு மத்தியானம். தசரதனுக்கு அன்று லீவு. முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அனுசுயா உள்ளறைக் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில், "அண்ணே" என்ற குரல் கேட்டது. அப்புறம் மறுபடியும், "அண்ணே." மூன்றாவது தடவை சத்தமாக. டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. தசரதன் திரும்பவில்லை. அனுசுயா கையில் இருந்த துணியோடு எழுந்தாள். அதற்குள் தேவிப்பிரியா தசரதனின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, அவரைக் கூப்பிடாமலே உள்ளறைக்கு வந்துவிட்டாள். கதவைச் சாத்தவில்லை. சாத்த வேண்டிய அவசியம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

"வா தேவி. கொழந்தைய எங்க உட்டுட்டு வந்த?"

"எங்கம்மாகிட்ட."

"உக்காரு. சாப்ட்டியா?"

தேவிப்பிரியா உட்காரவில்லை. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பீரோவுக்கு எதிரே நின்றாள். மெலிந்திருந்தாள்.

"அந்த சரண் சார் ஊட்டுக்கு வந்திருந்தாரு அண்ணி. அவரு கேட்டாரு, பைப்ப நல்லா கீதுன்னு யாரு சொன்னதுன்னு. ரெண்டு பேருமே ஒண்ணும் சொல்லல சார், மூஞ்சியப் பாத்துதான் போட்டோம்னு இவரு சொன்னாரு. அந்த சார் அப்டியே குந்திட்டாரு. அப்பால சொன்னாரு, தசரதனுக்குக் காது செக் பண்ணாங்களான்னு விசாரிங்கன்னு. காது கேக்காத ஆள உள்ள அனுப்பிருந்தா அது கம்பெனி தப்புதான், உங்க ஊட்டுக்காரரு தப்பு இல்லன்னு எழுத வெக்கலாம்னு சொன்னாரு."

அனுசுயா மடித்த துணியை அடுக்கின்மேல் வைத்தாள்.

"அவரு தப்பு பண்ணலன்னு ஆவணும் அண்ணி. கால் போச்சி, போவட்டும். என் தப்புதான், என் தப்புதான்னு தூக்கத்துல சொல்லிகினு கீறாரு. எனுக்கு டவுட் வந்திச்சே, நான் ஏன் வாயத் தொறக்கலன்னு செவுத்துல தலைய முட்டிக்கிறாரு. அத்த என்னால பாக்க முடில."

"அவன் தப்பு இல்ல தேவி. அது எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்கும் தெரிஞ்சி இன்னா? எழுதி வெச்சிக்கீறாங்களே." அவள் முன்னறைப் பக்கம் தலையை அசைத்தாள். "நான் மூணு தபா கூப்ட்டேன். திரும்பல."

"டிவி சத்தம்..."

"டிவிய ஏன் அவ்ளோ சத்தமா வெச்சிக்கீறாரு?"

அனுசுயா இன்னொரு துணியை எடுத்தாள். பவித்ராவின் சுடிதார். அதன் கையை உள்பக்கமாக மடித்தாள், திரும்பப் பிரித்தாள்.

தேவிப்பிரியாவின் குரல் உயரவில்லை. "அன்னிக்கு ஞாயித்துக்கெழம கருவாட்டுக் கொழம்பு துன்னசொல்ல அந்தப் பைப்பப் பத்தி உங்ககிட்ட சொன்னேன்னு இவரு சொல்றாரு. பொத்துனு இருந்திச்சின்னு. எப்ப தண்ணி உடறாங்கன்னு நீங்க கேட்டீங்களாம். செவ்வாக்கெழம இவருக்குப் போன் பண்ணீங்க, நான்தான் எடுத்தேன். என்கிட்ட ஒண்ணும் சொல்லல, கொழம்பு காரமான்னு பேசிட்டு வெச்சிட்டீங்க. எதுக்குப் பண்ணீங்கன்னு அன்னிலேர்ந்து ரோசன பண்ணிகினே கீறேன்."

முன்னறையில் டிவியில் யாரோ பலமாகச் சிரித்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் அண்ணி. நீங்க அவரு கூடப் பொறந்தவங்க. அண்ணனுக்குக் காது கேக்காதுன்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னு சொல்லிடுங்க, நான் நம்பிக்கிறேன். தெரியும்னா, வந்து அந்த சரண் சார்கிட்ட சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் இவள் நம்பிக்கொள்வாள், அழுவாள், போய்விடுவாள். தெரியும் என்று சொன்னால் முன்னறையில் உட்கார்ந்திருக்கிற மனுஷனின் வேலை நாளையோடு போகும், பவித்ராவின் கடைசி வருஷம் போகும். அதைவிட, தெரிந்தே கூடப் பிறந்தவனை அந்தக் குழிக்கு அனுப்பினவள் என்று இவளும் அவனும் அவன் குழந்தையும் சாகிற வரைக்கும் அனுசுயாவின் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டு வார்த்தையும் அவள் வாயில் இருந்தன. இரண்டும் ஒரே எடையாக இருந்தன.

"காபி போட்டுத் தரேன், உக்காரு" என்றாள்.

"வேணாம்."

தேவிப்பிரியா காத்திருந்தாள். அனுசுயாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அனுசுயா சுடிதாரின் இன்னொரு கையை மடித்தாள். முகத்தில் எதுவும் தெரிந்துவிடாமல் வைத்துக்கொள்ள அவளுக்கு அந்தத் துணி தேவைப்பட்டது.

கடைசியில் தேவிப்பிரியா முந்தானையை இடுப்பிலிருந்து உருவி, நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி அண்ணி" என்றாள். அந்த 'சரி'யில் கேள்வியும் இல்லை, கோபமும் இல்லை. திரும்பி, கட்டில் மூலையில் இடித்துக்கொள்ளாமல் ஒதுங்கி, உள்ளறையைவிட்டு வெளியே போனாள்.